எழுத்தின் வரிவடிவமும் கணிப்பொறியின் கோடும்



பழைய நூல்களின் பக்கங்களை வருடியில் இட்டுப் படங்களாகச் சேமிக்கும் பணி இன்று பரவலாக நடைபெற்று வருகிறது. அப்படங்களிலுள்ள எழுத்துருவங்களைத் திருத்தவும் பெருக்கவும் இயலும் வெக்டர் வரைவுகளாக மாற்றுவது அடுத்த படி. இதனைக் கணிப்பொறி வல்லுநர்க்கே உரிய வேலை எனப் பலர் கருதுகின்றனர். இதுவும் ஒரு பதிப்புப் பணியே என்பது என் துணிபு.

வருடி தருவது படப்புள்ளிகளின் தொகுதியாகும். 12 பாயிண்ட் அச்செழுத்தின் உடல் உயரம் ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடினால் அவ்வுயரத்திற்கு 50 புள்ளிகளே கிடைக்கும். அதனைச் சுவரொட்டி அளவிற்குப் பெருக்கினால் ஓரங்கள் படிக்கட்டுகளாக உடைந்து தோன்றும். வெக்டர் வரைவோ கோடு எங்குத் தொடங்கி, எவ்வாறு வளைந்து, எங்கு முடிகிறது என்னும் கணக்கைச் சேமிக்கிறது. கோலமிடும் பெண் மாவுத் துகள்களை எண்ணி வைத்துக்கொள்வதில்லை. கோடு செல்லும் வழியையே மனத்திற்கொள்கிறாள். ஆதலின் அதே கோலத்தை வாயிற்படியிலும் இடுவாள், கோயில் முற்றத்திலும் இடுவாள். பிரான்சு நாட்டில் மோட்டார் வண்டிகளின் உடல் வளைவுகளை வரைவதற்காகச் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்டெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும் வகுத்த கணக்கே இன்று எழுத்துருக்களின் வளைவுகளுக்கும் அடிப்படையாக உள்ளது.

தமிழுக்கு இதனால் விளையும் பயன் யாது? தமிழக அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, றா முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் வழக்கிழந்தன. அவற்றிற்கு யூனிகோடில் தனி இடம் இல்லை. எழுத்துருவின் வடிவமைப்பில்தான் அவை மீண்டும் உயிர்பெற இயலும். அதற்குப் படம் போதாது, கோட்டு வரைவு வேண்டும்.

பீட்டர் செலிங்கர் உருவாக்கிய போட்ரேஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இம்மாற்றத்தை நொடிப்பொழுதில் செய்கின்றன. ஆயினும் அத்தகைய மென்பொருள் கருமையையும் வெண்மையையும் மட்டுமே அறியும், எழுத்தை அறியாது. தூசியை நீக்கும் அளவைச் சற்று உயர்த்தினால், தூசியோடு மெய்யெழுத்தின் புள்ளியும் மறைந்து 'க்' என்பது 'க' ஆகிவிடும். கருமையின் எல்லையைச் சற்று மாற்றினால், மை பரவிய இடங்களில் சுழிகள் அடைபட்டு, ணகரம் எது, னகரம் எது என்னும் ஐயம் எழும்.

இவ்வையம் நமக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளில் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மெய்யோ உயிர்மெய்யோ என்பதைப் பொருளறிந்தே துணிய வேண்டியிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்த முறை நமக்கு வழிகாட்டி. ஓரத்தில் நீண்ட ஒரு கோடு எழுத்தின் உறுப்பா, மையின் கசிவா என்று முடிவு செய்பவரும் பாடம் துணிபவரே. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ சிதைந்த இடத்தைத் தாமே அழகாக நிரப்பித் தருகின்றன. நிரப்பிய இடம் எது என்று காட்டப்படாவிடில், இல்லாத வடிவம் ஒன்று பழைய வடிவமாக வரலாற்றில் நுழைந்துவிடும்.

ஆகவே இவ்வட்டத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, கோட்டு வரைவு கிடைத்துவிட்டதெனக் கருதி மூலப் படத்தை அழித்துவிடலாகாது; ஜேபெக் வடிவில் சுருக்கி அதன் நுண்மையை இழக்காமல், டிஃப் வடிவில் முழுமையாகக் காத்தல் வேண்டும். இரண்டாவது, எந்நூலின் எப்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது, எவ்விடத்தில் கையால் திருத்தப்பட்டது என்னும் குறிப்பு ஒவ்வொரு வரைவுடனும் இருத்தல் வேண்டும். 2001இல் பொதுத் தரமாக வெளியான எஸ்விஜி வடிவம் எழுத்தாலான கோப்பே ஆதலின், இக்குறிப்பை அதனுள்ளேயே எழுதி வைக்கலாம். மூன்றாவது, கணிப்பொறி அறிந்த இளைஞர் அருகே பழைய அச்சைப் படித்துப் பழகிய கண்ணுடைய ஒருவர் அமர்தல் வேண்டும். அத்தகைய கண்ணுடையோர் ஆண்டுதோறும் நம்மிடையே குறைந்து வருகின்றனர். அவர்கள் உள்ளபோதே இப்பணியைத் தொடங்குவோமாக.