முதியோரியல் படித்தவருக்கு மதுரையில் உள்ள வேலை: பட்டமளிப்பு விழா உரை

வயது ஏற ஏற உடல், மனம், குடும்பம், வருமானம் ஆகியவை எப்படி மாறுகின்றன என்பதை ஒருசேரப் பார்க்கும் படிப்பு முதியோரியல். முதியோர் மருத்துவம் அதில் ஒரு கிளை. தமிழ்நாட்டில் முதலில் துளிர்த்தது அந்தக் கிளைதான். மருத்துவர் வ.செ. நடராசன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம்.டி. படிப்பு வந்தது. மற்றக் கிளைகளுக்கு ஆள் போதாது. 2011இல் மாநில மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். 2031இல் இது 18.2 விழுக்காடாகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு.

மருத்துவம் எங்கே முடிந்து முதியோரியல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு மதுரையிலேயே சான்று உண்டு. மருத்துவர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். (ஓய்வு வயதில் தொடங்கியது என்பதையே இத்துறை மாணவர் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.) கண்புரை அறுவை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்து முதியோர் பலர் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, கூட வர ஆளில்லை, போன இடத்தில் சோற்றுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, பயம் வேறு. ஊரில் நடத்திய கண் முகாமிலிருந்தே பேருந்தில் கூட்டிவந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்ட பிறகே வந்தார்கள். புரையை எடுத்தது கண் மருத்துவம். வராததற்குக் காரணம் தேடியது முதியோரியலின் வேலை.

இந்த வேலைக்குப் பெரிய கருவிகள் தேவைப்படுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியவர் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்கார வேண்டும். பன்னிரண்டு நொடிக்கு மேல் பிடித்தால் அவர் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று கொள்ளலாம். சோதனை அத்தோடு முடிகிறது, வேலை முடிவதில்லை. வாசற்படியின் உயரம், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு, சாப்பிடும் தூக்க மாத்திரை எல்லாவற்றையும் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

பணத்தின் கதையும் இப்படித்தான். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. நாற்று நட்டும் களை வெட்டியும் தேய்ந்த விரலைக் கைரேகைக் கருவி ஏற்காவிட்டால் அன்று பணம் இல்லை. பாட்டி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பிள்ளைகள் கவனிக்காவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்வதாக ஏற்றுச் சொத்தை எழுதி வாங்கிய பிள்ளைகள் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. ஆனால் பெற்ற பிள்ளைமேல் மனு கொடுக்க எத்தனை தாய்க்கு மனம் வரும்? மனு எழுதத் தெரிந்தவரைவிட, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசத் தெரிந்தவரே அங்கு அதிகம் பயன்படுவார்.

மதுரைக்குத் தெற்கே விருதுநகர்ப் பக்கம் பேசப்படும் தலைக்கூத்தலை, அதாவது படுக்கையில் விழுந்த முதியவரைக் குடும்பத்தாரே சாகடிக்கும் வழக்கத்தை, இப்படிப்பு ஒதுக்கிவைக்க முடியாது. கருணை என்று என்ன பெயர் சூட்டினாலும் அது கொலைதான். ஆனால் குற்றம் என்று சொல்லிவிட்டுக் காவல் நிலையத்தோடு நின்றுவிட்டால், படுத்த படுக்கையான ஒருவரைக் கூலிக்குப் போகும் மகள் மாதக்கணக்கில் எப்படிக் கவனித்தாள் என்ற கேள்வி விடுபட்டுப்போகும். படுக்கைப் புண்ணுக்கு மருந்திட, வலியைக் குறைக்க, அந்த மகளுக்கு ஒருநாள் ஓய்வு தர ஆள் வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போகிறார்கள். சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. பட்டதாரிகள் பலரின் கண் கிண்டிமேல் இருப்பது இயல்பு. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலோ வீட்டுக்கு வீடு போகும் ஆட்களுக்கான தேவை அதைவிடப் பெரிது.