பின்னிரண்டு அடிகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் திருவாமாத்தூர் உள்ளது. மூவர் தேவாரமும் பெற்ற தலம். அத்தலத்தின்மீது கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் அவ்விருவரும் ஒரு வயிற்றில் பிறந்த இரட்டையர் அல்லர். அத்தை மகனும் அம்மான் மகனும் என்பர். ஒருவருக்குக் கண் இல்லை; மற்றவருக்குக் கால் இல்லை. காணாதவர் தோளில் நடவாதவர் அமர்ந்து வழிசொல்ல, ஊர் ஊராகச் சென்றனர். ஒருவர் வெண்பாவின் முன்னிரண்டு அடிகளைப் பாடினால், மற்றவர் பின்னிரண்டு அடிகளைப் பாடி முடிப்பார்.

கலம்பகத்தில் கோயில் ஆற்றின் மேற்கரையில் இருப்பதாக அவர்கள் பாடிவிட்டனராம். அவையோர் பிழையென்று மறுத்தனர். அன்றிரவு பெருமழை பெய்து ஆறே திசைமாறிக் கோயிலுக்குக் கிழக்கே ஓடியதென்று செவிவழிக் கதை கூறும். கவிஞர்க்கு இனிக்கும் கதை இது. எனினும் இன்று நினைக்கத்தக்கது ஆறு மாறியதன்று; ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்ததே ஆகும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கதையென்றே கொள்க, ஊர்கள் மட்டும் உண்மை.

இரட்டையராய்ப் பிறந்த இரு சகோதரியர். மூத்தவர் திண்டிவனத்தில் ஆசிரியை; சில நிமிடங்களே இளையவர் விழுப்புரத்தில் ஆசிரியை. முகம் ஒன்று, குரல் ஒன்று. அரையாண்டுத் தேர்வின் இறுதி நாள். மறுநாள் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறை. தம் பள்ளியில் தேர்வு முற்பகலே முடிந்தமையால், மூத்தவர் பேருந்தேறி, விக்கிரவாண்டி வழியாக நாற்பது கிலோமீட்டர் கடந்து, தங்கையின் வகுப்பைக் காண வந்தார். ஆறாம் வகுப்பு. பிள்ளைகள் மூங்கிற் சிம்பு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, நட்சத்திரம் செய்துகொண்டிருந்தனர். தங்கை தலைமையாசிரியர் அறைக்குச் சென்றிருந்தார்.

"வணக்கம் டீச்சர்" என்று வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. தாம் யாரென்று அவர் சொல்லுமுன், கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி அருகில் வந்தாள்.

"நீங்க எங்க டீச்சர் இல்லைன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். லீவு முடிஞ்சு நான் வரமாட்டேன். நீங்களே எங்க டீச்சர்கிட்ட சொல்லிடுங்க."

"நான் வேறென்று எப்படியம்மா கண்டுபிடித்தாய்?"

"எங்க டீச்சர் உள்ளே வந்ததும் முதல்ல என்னைத்தான் பார்ப்பாங்க. நீங்க ஜன்னலைப் பார்த்தீங்க."

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பச்சைக்கல் உலர வெயில் கிடைத்ததும் செங்கல் சூளைகளில் வேலை தொடங்கும். முன்பணம் பெற்ற குடும்பங்கள் பிள்ளைகளோடு இடம்பெயரும் காலமும் அதுவே. பள்ளிக்கு விடுமுறை என்று நாட்காட்டி காட்டும் நாட்களில்தான், சில பிள்ளைகளுக்குப் பள்ளியே முடிந்துபோகிறது.

செய்தி கேட்ட இளையவர் கலங்கினார். "ஜூன் மாதம் முதல் ஒருநாளும் தானாக வந்து பேசாதவள், முன்பின் அறியாத உன்னிடம் சொன்னாளா, அக்கா?"

"நீ வருந்துவாய் என்று அஞ்சியிருக்கிறாள். நான் வருந்தினால் அவளுக்கென்ன?"

அன்று மாலை இருவரும் அவள் வீட்டிற்குச் சென்றனர். தந்தை முன்பணம் பெற்றுச் செலவும் செய்துவிட்டிருந்தார். வாதிட்டுப் பயனில்லை. எந்த ஊர்ச் சூளை என்று மூத்தவர் வினவினார். திண்டிவனத்திற்கு அருகில் என்று விடை வந்தது. சகோதரியர் ஒருவரையொருவர் நோக்கினர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குரியது. ஆண்டின் இடையில் வந்தாலும் பிள்ளையைப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது அச்சட்டம். ஆனால் சட்டம் சூளை வாசலுக்குத் தானே நடந்து செல்வதில்லை. அதற்குக் கால் வேண்டும். எந்தச் சூளையில் எந்தப் பிள்ளை என்று காணக் கண்ணும் வேண்டும். கண் விழுப்புரத்தில் இருந்தது. கால் திண்டிவனத்தில் இருந்தது.

சனவரியில் பள்ளி திறந்தது. விழுப்புரத்து ஆசிரியை வகுப்பில் நுழைந்ததும், பழக்கத்தால் கடைசி வரிசையையே முதலில் பார்த்தார். இடம் வெறுமையாக இருந்தது. அதே நாளில் திண்டிவனத்து ஆசிரியை தம் வகுப்பில் நுழைந்தார். அவர் சன்னலைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தார். சிறுமி எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றாள்.

பத்தாண்டுகளாகப் பாடிவரும் வட்டத்தார்க்கு முன்னிரண்டு அடிகள் புதியவை அல்ல. யாரோ தொடங்கி, முடிக்க இயலாது நிற்கும் பாட்டு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அதன் பின்னிரண்டு அடிகளைப் பாடுவோர் இவ்வவையிலிருந்தும் எழுக.