பொன்னுத்தம்பிப் பிள்ளையின் காலணி

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் வந்தால், சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டி எங்கள் தவளக்குப்பம். சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், "சொல்தா வீட்டுக்குப் பக்கத்துல" என்று அடையாளம் சொல்வார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் வீடு என்று அர்த்தம். அந்த மாதிரிக் குடும்பங்கள் சிலவற்றில் பெயரைக் கேட்டால் பிரெஞ்சுப் பெயராக இருக்கும். பேச்சோ நம் வீட்டுப் பேச்சுதான். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஒரு வழக்கறிஞரிடம் வந்து நிற்போம். பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1873ஆம் ஆண்டு. புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் பொன்னுத்தம்பிப் பிள்ளை வருகிறார். காலில் காலுறை, ஐரோப்பியர் போடுகிற தோல் ஷூ. அன்றைக்கு இந்தியர் யாரும் அப்படி உள்ளே வரக் கூடாது. வாசலில் பாதரட்சையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். பிரெஞ்சு வழக்கறிஞர் ஷூவோடு வந்து வாதாடலாம். அதே சட்டத்தைப் படித்து, அதே பிரெஞ்சு மொழியில், அதே மன்றத்தில் வாதாடுகிற தமிழர் வரக் கூடாது. நீதிபதி கழற்றச் சொன்னார். பிள்ளை மறுத்தார். வாதாடக் கூடாது என்று அவரைத் தடுத்துவிட்டார்கள்.

இந்தத் தகராறு நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1862இல் சூரத்தில், ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில், மானக்ஜி கவாஸ்ஜி என்ட்டி என்ற பார்சிக்காரர் நீதிமன்றத்தில் காலணியைக் கழற்ற மறுத்து நின்றிருக்கிறார். ஆளுகிறவன் யார், ஆளப்படுகிறவன் யார் என்பதை ஒவ்வொரு நாளும் காலைக் காட்டி நினைவூட்டுவதற்கென்றே இருந்த வழக்கம் அது. வேட்டியும் தலைப்பாகையும் அணிந்த பெரிய மனிதர்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றாடப் பிழைப்பு அந்த வாசலுக்கு உள்ளேதான் இருந்தது.

பொன்னுத்தம்பிப் பிள்ளைக்கும் பிழைப்பு அங்கேதான். ஆனாலும் அவர் விடவில்லை. வழக்கைப் பாரீசின் மிக உயர்ந்த மன்றமான 'கூர் தெ கஸ்ஸாசியோன்' வரைக்கும் கொண்டுபோனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கொதேன் என்ற பிரெஞ்சு வழக்கறிஞர். தீர்ப்பு பிள்ளைக்குச் சாதகமாக வந்தது. புதுச்சேரி மன்றத்தின் உத்தரவு ரத்தானது. கொதேனின் பெயர் நம் ஊரில் அவ்வளவு பரவிவிட்டது. 1876இல் பிரெஞ்சிந்தியாவின் சார்பில் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னாளில் செனட் உறுப்பினராகவும் இருந்தார்.

இதற்குப் பிறகுதான் பொன்னுத்தம்பிப் பிள்ளை அரசியலில் முழுமூச்சாக இறங்கினார். அவர் இறங்கிய காரியம் புரிய வேண்டுமானால் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1819 ஜனவரி 6ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. கல்யாணம், சொத்துப் பிரிவினை, வாரிசு போன்ற குடும்ப விவகாரங்களில் இந்தியர்களுக்கு அவரவர் மதம், சாதி வழக்கப்படியே தீர்ப்புச் சொல்வது என்று. மேல்பார்வைக்கு இது மரியாதை. மேல்தட்டில் இருந்தவர்களுக்கு உண்மையிலேயே மரியாதைதான். ஊருக்கு வெளியே குடியிருந்தவருக்கு? எந்த வழக்கம் அவரை மிதித்ததோ, அந்த வழக்கத்தையே நீதிமன்றம் அவருக்குச் சட்டமாக்கித் தந்தது.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணை இதற்கு ஒரு மாற்றுவழி கொடுத்தது. இருபத்தொரு வயது நிரம்பிய இந்தியர், ஆணானாலும் பெண்ணானாலும், எந்தச் சாதி எந்த மதமானாலும், தன் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அதிகாரி முன்னால் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்துக்கு என்று ஒரு பெயர் தேர்ந்துகொள்ள வேண்டும். போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அது சேர்த்தே கட்டும். இப்படித் துறந்தவர்களைத்தான் நம் ஊரில் 'ரெனோன்சா' என்கிறோம். பொன்னுத்தம்பிப் பிள்ளை இவர்களுக்குத் தலைவராக நின்றார். தன் குடும்பப் பெயராக அவர் எடுத்துக்கொண்டது 'லாபோர்த்'; வாசல் என்று பொருள்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. நடு சண்முக வேலாயுத முதலியார் மறுபக்கத்துக்குத் தலைவர். வழக்கத்தையும் சாதி ஏற்பாட்டையும் காப்பது அவர் கட்சியின் கொள்கை, தேர்தல் பலமும் அவர் பக்கம்தான். அரசு செய்த காரியம் இன்னும் கொடுமை. பிரெஞ்சுக்காரரோடு சமமாக நிற்கலாம் என்று நம்பித் துறந்தவர்களை, 1884இல் உள்ளூர் மன்றத் தேர்தலுக்கு தனியே ஒரு வாக்காளர் பட்டியலில் ஒதுக்கியது. ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சாக்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. முன்னோர் வழக்கத்தை விட்டு வந்தவனை நடுத்தெருவில் நிறுத்துவது போலத்தான் இது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பொன்னுத்தம்பிப் பிள்ளையின் இரண்டு காரியங்களில் ஷூ வழக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதில் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் நானாகவே வருவேன், என்னைச் சமமாக நடத்து என்றார். ரெனோன்சா ஆணையோ, சமம் வேண்டுமா, உன் வழக்கத்தைக் கொண்டுவந்து இங்கே வை என்று விலை கேட்டது.

ஆனால் இந்தக் கணக்கை நான் ஒருவனே போட்டுவிட முடியாது. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் தகப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு. நம் நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமப் பங்கு என்று நாடு முழுவதற்கும் ஆனது 2005இல்தான். அதற்கெல்லாம் எத்தனையோ காலம் முன்னால், நம் ஊர்களில் ஒரு ரெனோன்சா வீட்டு மகள் அண்ணன் தம்பிக்குச் சமமாகப் பங்கு கேட்க முடிந்தது. மனைவிக்கு அதே சட்டம் அன்று பல கட்டுகள் போட்டிருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. சேரியில் பிறந்தவருக்கோ, சாதியைக் குறிப்பிடாத ஒரு பத்திரம் கைக்கு வந்தது. அந்தப் பத்திரத்தோடு பலர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குக் கப்பலேறினார்கள். குமாஸ்தாவாக, போலீசாக, பட்டாளத்தில் வேலை பார்த்து, அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு எழும்பியது. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய் ஷூ வழக்குதான் பெரிது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். இந்தியராகிவிட்ட ரெனோன்சாக்களின் குடும்ப விவகாரத்துக்குப் பழைய பிரெஞ்சு சிவில் சட்டமே இன்றும் பொருந்துகிறது. பிரான்சில் அந்தச் சட்டம் பலமுறை மாறிவிட்டது, இங்கே பழைய வடிவிலேயே நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த தாவீது அன்னுசாமி இதையெல்லாம் பிரெஞ்சில் விரிவாக எழுதியிருக்கிறார். பொன்னுத்தம்பிப் பிள்ளையின் முழு வாழ்க்கை வரலாறு பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற தமிழில் வர வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர் யாராவது இதை எடுத்துச் செய்தால் நல்லது.

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் யார் வீட்டுப் பெட்டியிலாவது பிரெஞ்சில் எழுதிய பழைய எத்தா சிவில் (பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு) நகலோ, ரெனோன்சா பத்திரமோ, நொத்தேர் என்ற பத்திர அதிகாரி எழுதிய பாகப் பத்திரமோ கிடக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்று பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் மையம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஒருமுறை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.