ஹெட்லைட் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வோல்ட்மீட்டர் வாங்குங்க

டயர் எபிசோட் போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "ப்ரோ, எந்த எல்இடி பல்பு நல்லது?" சிலர் லிங்க் அனுப்பறாங்க, 20,000 லூமன்னு போட்டிருக்கு, வாங்கலாமான்னு. சரி, வாங்கிப் போட்டுப் பார்த்துட்டே பேசிடலாம்னு முடிவு பண்ணேன். மூணு மாசம், ஒரு 2015 மாடல் கிளாசிக் 350, நாலு விதமான லைட், மூணு மீட்டர். ஓட்டினது முழுக்க ஏனாத்தூர்ல இருந்து காஞ்சிபுரம், இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர்.

ஏனாத்தூர் தெரியாதவங்களுக்கு: காஞ்சிபுரம் டவுனை ஒட்டின ஊர். ஒரு யுனிவர்சிட்டி, ஒரு மெடிக்கல் காலேஜ். பக்கத்துல சென்னை-பெங்களூரு ஹைவே. அதாவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரே ரோட்டுல காலேஜ் பசங்களோட பைக், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் முடிஞ்சு திரும்பற வேன், மாடு, டிவிஎஸ் எக்ஸ்எல்ல புடவை பார்சல் எடுத்துட்டுப் போற நெசவாளர், எல்லாரும் இருப்பாங்க. தெருவிளக்கு சில இடத்துல இருக்கு, சில இடத்துல கம்பம் மட்டும் இருக்கு. லைட் டெஸ்ட் பண்றதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல்ல அந்த 20,000 லூமன் கதையை முடிச்சுடறேன். என் பைக்ல வர்றது எச்4 பல்பு, 60/55 வாட். சர்வதேச விதிப்படி எச்4 பல்போட வெளிச்சம் ஹை பீம்ல சுமார் 1,650 லூமன், லோ பீம்ல சுமார் 1,000. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில வர்ற 35/35 வாட் எச்எஸ்1 பல்பு இதுல பாதிதான். இதான் அளவுகோல். 25 வாட் இழுக்கற ஒரு எல்இடி பல்பு 20,000 லூமன் தரும்னு ஒருத்தன் அட்டைப்பெட்டியில எழுதினா, அந்தப் பெட்டியில இருக்கற மத்த எதையும் நம்ப வேண்டாம். நல்ல எல்இடியே ஒரு வாட்டுக்கு நூத்துச் சொச்சம் லூமன்தான் தரும். கணக்கு நீங்களே போட்டுக்கலாம்.

ஆனா லூமனைவிட பெரிய பிரச்சினை வேற. ஹெட்லைட் ரிஃப்ளெக்டரை, அந்த உள்ள பளபளன்னு இருக்கற கிண்ணத்தை, ஃபிலமென்ட் இருக்கற துல்லியமான இடத்தை வெச்சுத்தான் டிசைன் பண்ணியிருப்பாங்க. எச்4 பல்புக்குள்ள லோ பீம் ஃபிலமென்ட்டுக்கு அடியில ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்ப்பக்கம் போற வெளிச்சத்தை அது மறைச்சுடும். அதனாலதான் சுவத்துல அடிச்சுப் பார்த்தா மேல இருட்டு, கீழ வெளிச்சம், நடுவுல ஒரு கோடு தெரியும். எல்இடி பல்புல சிப்பு ஃபிலமென்ட் மாதிரி மெல்லிசா இருக்காது, இடமும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அவ்ளோதான், கோடு கலைஞ்சு போயிடும்.

நான் வீட்டு எதிர்ல இருக்கற காம்பவுண்ட் சுவத்துலதான் பார்த்தேன். பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒரு ஆளை மேல உட்கார வெச்சு (ஆள் இல்லாம அளந்தா பின் சஸ்பென்ஷன் தூக்கி நிக்கும், கணக்கு தப்பாயிடும்), ஹெட்லைட் நடு உயரத்துக்கு சாக்பீஸ்ல கோடு போட்டேன். லோ பீம் அந்தக் கோட்டுக்கு ஒரு பத்து, பதினஞ்சு சென்டிமீட்டர் கீழ வெட்டணும். கம்பெனி ஹாலோஜன் அப்படியே வெட்டுச்சு. நான் வாங்கின ரெண்டு எல்இடி பல்புல மலிவானது சுவர் முழுக்க வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் விலை கூடினதுல கோடு இருந்துச்சு, ஆனா மங்கல். கோட்டுக்கு மேலயும் வெளிச்சம் கசியுது. ஓட்டறவனுக்கு ரெண்டுமே சூப்பரா இருக்கும். வண்டிக்கு முன்னாடி பத்து அடி பகல் மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பத்து அடி பளிச்சுன்னு இருக்கறதாலயே கண்ணு அதுக்குப் பழகி, அம்பது மீட்டர் தள்ளி நிக்கற எருமை தெரியாது. அறுபது கிலோமீட்டர் வேகத்துல அந்த அம்பது மீட்டர் மூணு செகண்டு.

எங்க பெரியப்பா பிள்ளையார்பாளையத்துல தறி வெச்சிருக்கார். வாரத்துக்கு ரெண்டு தடவை எங்க வீட்டுக்கு எக்ஸ்எல்ல வருவார். நாப்பது வருஷம் ஜரிகையைப் பார்த்த கண்ணு, இப்ப வயசும் அறுபது தாண்டிடுச்சு. நான் எல்இடி டெஸ்ட் பண்ணிட்டு இருந்த வாரம் அவர்கிட்ட ரொம்பப் பெருமையா காமிச்சேன். அவர் சொன்னது இதுதான்: "உனக்கு ரோடு தெரியுதுடா. எதிர்ல வர்ற எனக்கு நீ தெரியறே, ரோடு தெரியலை. இந்த மாதிரி வெள்ளை லைட் வந்தா நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, அவன் போனப்புறம் எடுப்பேன்." நிறுத்த ஓரம் இருக்கணுமே, பெரியப்பா?

வயசாக ஆக, கண்ணு கூசினதுக்கு அப்புறம் பழைய நிலைக்குத் திரும்ப கூடுதல் நேரம் ஆகும். கண் லென்ஸ் லேசா மங்கினவங்களுக்கு வெளிச்சம் உள்ளேயே சிதறும். அதுலயும் 6,000 கெல்வினுக்கு மேல நீலம் கலந்த வெள்ளை அதிகமா உறுத்தும். மழை பெய்ஞ்ச கறுப்புத் தார் ரோட்டுல அந்த வெள்ளை ஓட்டறவனுக்கே உதவாது. முன்னாடி போலீஸ்காரங்க நிறுத்தி ஹெட்லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? நாம சிரிச்சோம். அவங்க தீர்க்கப் பார்த்த பிரச்சினை இதேதான்.

மத்திய மோட்டார் வாகன விதி 106 இதை அளவோடவே சொல்லுது: லைட்டுக்கு எட்டு மீட்டர் முன்னாடி, அரை மீட்டர் வலது பக்கம், தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல ஒருத்தர் கண் இருந்தா, அவருக்குக் கூசாத அளவுக்கு வெளிச்சம் கீழே இறங்கியிருக்கணும். எங்க பெரியப்பா எக்ஸ்எல்ல உட்கார்ந்தா கண் கிட்டத்தட்ட அந்த உயரம்தான் வரும். டேப் வெச்சு அளந்துட்டேன்.

சரி, அப்ப ஹாலோஜன்லயே இருந்துடணுமா, வெளிச்சம் பத்தலையேன்னு கேப்பீங்க. இங்கதான் மீட்டர் வருது.

நான் வாங்கின முதல் மீட்டர் சாதாரண டிஜிட்டல் வோல்ட்மீட்டர், முன்னூறு ரூபாய்க்குள்ள. சென்னைக்காரங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனா கடைக்குக் கடை கிடைக்கும். நல்ல பேட்டரி, இன்ஜின் ஆஃப்ல 12.6 காட்டணும். ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும். என் வண்டியில லைட் போட்டு, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில 13.6. அதே நேரம் ஹெட்லைட் சாக்கெட்டுக்குள்ள மல்டிமீட்டர் வெச்சா 12.1. ஒன்றரை வோல்ட் எங்க போச்சு? பேட்டரியில கிளம்பின கரண்ட் சாவி சுவிட்ச், ஹேண்டில்பார் சுவிட்ச், நடுவுல நாலஞ்சு கனெக்டர், பத்து வருஷ வயர் எல்லாத்தையும் தாண்டித்தான் பல்புக்கு வருது. வழியிலயே சூடாகிக் கரையுது.

ஒன்றரை வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க. ஃபிலமென்ட் பல்புல வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் பத்து சதவீதம் குறையாது, ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். என் வண்டியில மூணுல ஒரு பங்கு வெளிச்சம் வயர்லயே போயிட்டு இருந்துச்சு. அதாவது கம்பெனி கொடுத்த லைட்டை நான் பார்த்ததே இல்ல.

இதுக்கு மருந்து ரிலே. பேட்டரியில இருந்து ஒரு தடிமனான வயர், ஃபியூஸ் வழியா நேரா ரிலேக்கு, அங்கிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் ரிலேயை ஆன் ஆஃப் பண்ற வேலையை மட்டும் பார்க்கும். ரிலே அடியில நம்பர் போட்டிருக்கும்: 30 பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 85ம் 86ம் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். ஹை, லோ ரெண்டுக்கும் ரெண்டு ரிலே. வயரை வெட்டாம பழைய சாக்கெட்லயே செருகற மாதிரி ரெடிமேட் செட்டும் வருது, நான் அதைத்தான் போட்டேன். சாக்கெட்ல இப்ப 13.3 வோல்ட். அதே பழைய பல்பு, அதே 55 வாட். முதல் நாள் ராத்திரி ஹைவே சர்வீஸ் ரோட்டுல போகும்போது யாரோ லென்ஸைத் துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. சுவத்துல கோடும் அப்படியே இருக்கு.

ஃபியூஸ் பத்தி ஒண்ணு. பேட்டரிக்குப் பக்கத்துலயே போடுங்க, பல்பு பக்கத்துல இல்ல. நடுவுல வயர் உரசி ஃப்ரேம்ல பட்டா, காப்பாத்தறது பேட்டரி ஓரமா இருக்கற ஃபியூஸ் மட்டும்தான். போயிட்டா அதே ஆம்பியர்ல இன்னொண்ணு போடணும். சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுத்தி ஓட்டறவங்களை நான் இந்த வருஷமும் பார்த்தேன். பெட்ரோல் டேங்க்குக்கு அடியில அந்த வயர் ஓடுது.

100/90 வாட் பல்பும் போட்டுப் பார்த்தேன், மூணு நாள். வெளிச்சம் உண்மையிலேயே பிரமாதம். ஆனா அது எட்டு ஆம்பியருக்கு மேல இழுக்குது. ரிலே இல்லாத வண்டியில சுவிட்ச் உருகும். ரிலே இருந்தாலும் சூட்டுல ஹோல்டர் மஞ்சளாக ஆரம்பிச்சுடும், ரிஃப்ளெக்டரோட பளபளப்பு போயிடும். கழட்டி வெச்சுட்டேன்.

எக்ஸ்ட்ரா ஃபாக் லைட் போடறவங்களுக்கு வோல்ட்மீட்டர் இன்னும் முக்கியம். இருபது வாட் ரெண்டு போட்டா கிட்டத்தட்ட மூன்றரை ஆம்பியர் கூடுது. ஹைவேல தெரியாது. ரெயில்வே கேட்ல ஐடில்ல நிக்கும்போது பாருங்க. என்னோடது 12.4க்கு இறங்குச்சு. சார்ஜ் ஏறலை, பேட்டரி கரையுதுன்னு அர்த்தம். அதனால நிக்கும்போது ஃபாக் லைட்டை அணைச்சுடறேன். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பைக்ல ஹெட்லைட்டை அணைக்கவே முடியாதுங்கறதால, உங்களுக்கு அந்த லோடு எப்பவும் இருக்கும்னு கணக்கு வெச்சுக்கங்க.

சொல்லப்போனா இந்த மீட்டர் ஒண்ணும் புதுசு இல்ல. நம்ம தாத்தா காலத்து புல்லட்ல ஹெட்லைட் மேலயே ஒரு குட்டி ஆம்மீட்டர் இருக்கும். நடுவுல பூஜ்யம், ரெண்டு பக்கமும் முள் ஆடும். ஐடில்ல ஹெட்லைட் போட்டா முள் மைனஸ் பக்கம் சாயும், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா பிளஸ்சுக்கு வரும். திருவொற்றியூர்ல செஞ்ச வண்டியில இருந்த அந்தத் தகவலை, இன்னிக்கு ஒரகடத்துல தயாராகி எங்க ஊர் வழியா லாரியில போற வண்டிக்கு நாம தனியா வாங்கி மாட்ட வேண்டியிருக்கு. எனக்கு இது கொஞ்சம் கோவம்தான்.

மத்த ரெண்டு மீட்டரை வேகமா முடிச்சுடறேன். ஆயில் ஊத்தற மூடிக்குப் பதிலா மாட்டற வெப்பமானி: பார்க்க அழகு. ஹைவேல தொண்ணூத்துச் சொச்சம் டிகிரி, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசல்ல 110. ஆனா முனை ஆயில்ல முழுசா முங்காது, அதனால நம்பரைவிட ஏறுதா இறங்குதான்னு பார்க்கத்தான் உதவும். 2019ல அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாள்ல இது என்ன காட்டியிருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன், பயமா இருக்கு. அடுத்தது மலிவு விலை ஆர்பிஎம் மீட்டர், ஸ்பார்க் பிளக் வயர்ல சுத்தறது. உங்க இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பார்க் அடிக்குதா, ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவையான்னு செட்டிங் மாத்தணும். மாத்தலைன்னா ரெண்டு மடங்கு காட்டும். சிங்கிள் சிலிண்டர் புல்லட்டுக்குக் காதே போதும். நான் கழட்டிட்டேன்.

கடைசியா சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்சியில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா வழக்கு ஒண்ணுல அதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு: அனுமதியில்லாம உதிரிபாகம் மாட்டி மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். முன்பக்கம் சிவப்பு லைட் கூடவே கூடாது. பழைய பல்பு போச்சுன்னா அதே வகை, அதே வாட்ல புதுசு போடறது மாற்றத்துல வராது. ஃபாக் லைட் போடற ஐடியா இருந்தா, உங்க வண்டிக் கம்பெனியே விக்கற ஆக்சஸரியா வாங்கி பில்லை வெச்சுக்கங்க. வாரண்டி இருக்கற வண்டியில எதைத் தொடறதுக்கு முன்னாடியும் சர்வீஸ் சென்டர்ல எழுத்துல கேட்டுக்கங்க.

இப்ப என் வண்டியில மிச்சம் இருக்கறது: ரிலே செட், வோல்ட்மீட்டர், கம்பெனி ரக எச்4 பல்பு, சுவிட்ச் போட்ட ரெண்டு மஞ்சள் ஃபாக் லைட். ஃபாக் லைட்டை ஹெட்லைட்டுக்குக் கீழ, தரையைப் பார்த்து சாய்ச்சுக் கட்டியிருக்கேன். போன சனிக்கிழமை பெரியப்பாவை எதிர்ல வரச்சொல்லி டெஸ்ட் பண்ணோம். ஃபாக் லைட்டை இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கச் சொன்னார். இறக்கியாச்சு. அடுத்த எபிசோட் ஹாரன் பத்தி, கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.