ரோஜாத் தோட்டமும் கல்வீடும்: நம் இரண்டு நாள் பயணத்தை நாமே திட்டமிடுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

போன இரண்டு மாதமாக நாங்கள் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "எங்களை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க." கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். "கூட்டிட்டுப் போங்க" என்று கேட்காமல், "நாங்க போறோம், திட்டம் போட உதவி செய்யுங்க" என்று கேளுங்கள். கடன் யாருக்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்று தீர்மான நோட்டில் எழுதி முடிவு எடுக்கிற நமக்கு ஒரு பயணத்தை முடிவு செய்யத் தெரியாதா?

எங்கே போகலாம் என்று பல குழுக்களில் பேசினோம். ஓசூர்ப் பக்கம் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். அங்கே வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற ரோஜா விளைகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பழங்காலக் கற்திட்டைகளும் இருக்கின்றன. ஆனால் நமக்கு அது ரொம்ப தூரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகிவிடும். அதே இரண்டும் நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. ரோஜாவுக்கு நிலக்கோட்டை, கல்வீட்டுக்குத் தாண்டிக்குடி. இரண்டுக்கும் நடுவில் வத்தலக்குண்டு. தேனியிலிருந்து பெரியகுளம் வழியாகப் போய்விடலாம்.

ரோஜாவில் பார்க்க என்ன இருக்கிறது?

நம்ம பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை. அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகையோடு பன்னீர் ரோஜாவும் விளைகிறது. இரண்டுமே பறித்த பிறகு வைத்திருக்க முடியாத சரக்கு. மாலைக்கும் பூஜைக்கும் போகிற ரோஜாவை விடியுமுன்பே பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் வாடும், எடை குறையும். அன்றைக்கே விற்றாக வேண்டும். முகூர்த்த நாளில் விலை ஏறும், மற்ற நாளில் இறங்கும். திராட்சைத் தோட்டத்துக் கஷ்டம் தெரிந்த நமக்கு இது புதுக் கதையா?

அதனால் சும்மா பூவைப் பார்த்துவிட்டு வராமல், அங்குள்ள பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். செடி எத்தனை, கவாத்து எந்த மாதம்? பறிக்கிற கூலி எவ்வளவு? கமிஷன் கடையில் எவ்வளவு பிடிக்கிறார்கள்? கடைக்காரரிடம் முன்பணம் வாங்கினால் பூவை அவருக்கே போட வேண்டுமா? விலை இறங்கும்போது குல்கந்து, பன்னீர் என்று செய்து விற்கிறார்களா? கடைசியாக ஒரு கேள்வி, முக்கியமான கேள்வி: விடிகாலை பூப்பறிக்கிறவள் பெண். பணம் யார் கையில் போய்ச் சேருகிறது?

கல்வீடு என்றால் என்ன?

தாண்டிக்குடி, பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில் இருக்கிற ஊர். காபி, மிளகு, ஏலம் விளைகிற இடம். அங்கே பாலமுருகன் கோயில் இருக்கிறது. முருகன் இந்த மலையிலிருந்து தாண்டித்தான் பழனிக்குப் போனார் என்பது தலக்கதை. அந்த ஊரைச் சுற்றியும் மலையின் வேறு பல இடங்களிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த சின்னச் சின்ன அமைப்புகள் இருக்கின்றன. நிலத்துக்கு மேலே இருந்தால் கற்திட்டை, நிலத்துக்குள் பதுங்கியிருந்தால் கற்பதுக்கை என்று தொல்லியல்காரர்கள் சொல்வார்கள். ஊர்ப்புறங்களில் பாண்டவர் வீடு என்பார்கள். உண்மையில் அவை 2000 ஆண்டுகளுக்கும் முந்தைய மக்கள், இறந்துபோன தங்கள் உறவினருக்காக எழுப்பிய ஈமச்சின்னங்கள்.

கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஏசு சபைக் குருவானவர் ஆங்கிலாட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றைப் பற்றி எழுதிய நூலை 1928-லேயே இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பிறகு 2000-களில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார்கள். மட்பாண்டங்களோடு சூதுபவள மணிகளும் கிடைத்தன. அந்த மணி வெளியூரிலிருந்து வாங்கி வந்த சரக்கு. மேற்குக் கடற்கரைக்கும் மதுரைக்கும் நடுவில் வியாபாரம் நடந்த வழியில் இந்த மலை இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் தேனி மாவட்டத்திலும் இப்படிப்பட்ட பழமை உண்டு. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அதில் ஒரு கல், மாடு பிடிச் சண்டையில் இறந்த வீரனுக்கு வைத்தது.

"அதெல்லாம் சரி, பொம்பளைங்க சுடுகாட்டுக்கே போறதில்லை. ஈமக்காட்டைப் பார்க்கப் போகலாமா?" என்று போடிப் பக்கத்தில் ஒரு அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. யாருடைய நம்பிக்கையையும் நாங்கள் கேலி செய்ய மாட்டோம். விருப்பமில்லாதவர்கள் அந்த நேரம் கோயிலில் இருக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். செத்தவரோடு மணியும் பானையும் வைத்த கூட்டத்தில் பெண்களும் இருந்திருப்பார்கள்தானே? அழுதவர்களும் இருந்திருப்பார்கள். அது நம் பாட்டிகளின் பாட்டிகள் கதை. அதைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லையா?

வெளிநாட்டிலும் இதே மாதிரி ஒரு இடம் இருக்கிறது. பல்கேரியா நாட்டில் கசான்லக் என்ற ஊர். நம்ம பள்ளத்தாக்கு மாதிரியே மலைகளுக்கு நடுவில் ரோஜாப் பள்ளத்தாக்கு. அங்கே ரோஜா எண்ணெய் எடுக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3000 முதல் 4000 கிலோ பூ வேண்டும் என்றால் அதன் விலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1903 முதல் ரோஜாத் திருவிழா நடத்தி வருகிறார்கள். அந்த ஊரில் 1944-ல் படைவீரர்கள் மண் தோண்டும்போது, சுவரில் ஓவியம் தீட்டிய பழங்காலக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. 1979-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கூட்டம் போய்ப் போய் ஓவியம் கெட்டுவிடக் கூடாது என்று, பக்கத்திலேயே அதே அளவில் ஒரு மாதிரியைக் கட்டி அதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். பூவும் கல்லறையும் சேர்ந்து அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. அதனால் இரண்டையும் காப்பாற்றுகிறார்கள்.

நம் கற்திட்டைகளுக்குக் காவல் யார்? புதையல் இருக்கும் என்று தோண்டுகிறவர்களும், பலகைக் கல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆகவே நாம் போனால் மூடுகல்மேல் ஏறக் கூடாது, பெயர் எழுதக் கூடாது. மணியோ ஓடோ கிடைத்தால் மடியில் கட்டக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணிலிருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தோட்டத்துக்குள் இருக்கும் சின்னங்களைப் பார்க்க உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

எப்போது போவது?

ஜூனில் பெரியாறு அணைத் தண்ணீர் திறந்தால் நாற்று, நடவு என்று வேலை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சாலையில் மண் சரியும் அபாயம் உண்டு. அதனால் தைப்பொங்கல் முடிந்து, உங்கள் ஊரில் வேலை குறைவாக இருக்கிற வாரத்தைப் பாருங்கள். முதல் நாள் கம்பத்தில் 3 மணிக்கு, தேனியில் 4 மணிக்குக் கிளம்பினால் விடியும்போது நிலக்கோட்டை. தோட்டம், பூ மார்க்கெட் பார்த்துவிட்டு மதியம் மலையேற வேண்டும். இரவு தாண்டிக்குடியில் தங்கல். மறுநாள் காலை கோயிலும் கல்வீடும். இருட்டுமுன் மலை இறங்கிவிட வேண்டும். பூவுக்கு விடிகாலை, மலைக்குப் பகல் வெளிச்சம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தங்கும் இடத்தில் கதவுத் தாழ்ப்பாளும் கழிப்பறையும் சரியாக இருக்கிறதா என்று முன்னாடியே இரண்டு பேர் போய்ப் பார்க்க வேண்டும். மலைமேல் குளிரும், போர்வை வேண்டும். வாந்திக்கு எலுமிச்சை, மாத்திரை, நாப்கின் எல்லாம் ஒரு பையில் போட்டு ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். மாதவிலக்கு என்று யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கொடைக்கானலுக்குப் போகும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்தது. நம் வழிக்கும் அது வேண்டுமா என்று வேன்காரரிடமும் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

பணம் எங்கிருந்து?

சேமிப்பைத் தொடக் கூடாது. சுழல்நிதியைத் தொடவே கூடாது. பயணத்துக்கு உள்கடனும் வேண்டாம். இரண்டு நாள் சந்தோஷத்துக்குப் பத்து மாதம் வட்டி கட்டுவதா? தனியாக ஒரு பயணச் சீட்டு மாதிரி வைத்துக்கொள்வோம். வாரம் 30 ரூபாய், 40 வாரம் கட்டினால் ஒருவருக்கு 1200 ரூபாய். 20 பேருக்கு 24,000 ரூபாய். வேன், தங்கல், சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்குகிறதா என்று மூன்று இடத்தில் விலை கேட்டு, ரசீதோடு கணக்கு எழுதுங்கள். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போனால் செலவு குறையும். விவசாயம் செய்கிற சகோதரிகள், ஆத்மா திட்டத்தில் கண்டுணர்வுப் பயணத்துக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பயணம் என்றதும் முதலில் பெயர் கொடுப்பது கையில் காசு உள்ளவர்கள். பெயரே கொடுக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது நாள்கூலிக்குப் போகிற சகோதரி, புருஷன் இல்லாத சகோதரி. அவர்களுக்கு 1200 ரூபாயோடு இரண்டு நாள் கூலியும் போகிறது. அவர்களை விட்டுவிட்டுப் போனால் அது குழுப் பயணம் ஆகாது. கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களிடம் வாங்குகிற அபராதப் பணம் இருக்கிறதே, அதை இவர்கள் பங்குக்கு வைப்போம் என்று தீர்மானம் போடலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று ஊரெல்லாம் பேசாமல் இருப்பது நம் பண்பு.

இன்னொன்று, வீடு. "மாட்டை யார் கறக்கிறது, மாமியாருக்கு மருந்து யார் கொடுக்கிறது" என்று கேட்டால் பாதிப் பேர் வாயடைத்துப் போகிறோம். இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு குழுக்கள் சேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் முதல் தடவை, மீதிப் பத்துப் பேர் அடுத்த தடவை. போகிறவள் வீட்டு மாட்டையும் பிள்ளையையும் இருக்கிறவள் பார்த்துக்கொள்வாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம். வீட்டு ஆண்களிடம் கடைசி நாளில் போய் அனுமதி கேட்டு நிற்காதீர்கள். தேதி, இடம், யார் யார், எந்த வேன் என்று எழுதிய தாளை ஒரு மாதம் முன்னாடியே கையில் கொடுத்து, "இந்த ரெண்டு நாள் நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லுங்கள். விவரம் முழுசாக இருந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் நான்கு விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்று, எந்தக் குழுவோடு ஜோடி சேர்கிறீர்கள். இரண்டு, வாரம் எவ்வளவு, பணம் யார் பொறுப்பு. மூன்று, முழுத் தொகை கட்ட முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு. நான்கு, பூக்காரப் பெண்களிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள். தோட்டக்காரர்களிடம் பேசுவது, தோட்டக்கலைத் துறையில் விவரம் கேட்பது ஆகியவற்றில் நாங்கள் கூட நின்று உதவுகிறோம். முடிவு உங்களுடையது, கணக்கும் உங்களுடையது.