இரவற் புத்தகமும் இணைய நூலகமும்



கைத்தொலைபேசி வந்தபின் வாசிகசாலை எதற்கு என்று நம்மிற் சிலர் கேட்கின்றனர். கேட்கட்டும்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூலை வேறிடத்திற் பெறலாம். ஒற்றைப் பிரதியாயிருந்த ஏட்டை எங்கே தேடுவது? கட்டடம் மீண்டும் எழுந்தது, ஏடு மீளவில்லை.

சென்னையில் 1994இல் ஏற்பட்ட ரோஜா முத்தையா நூலகம் பழைய தமிழ் நூல்களை நுண்படச் சுருளிற் பதித்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து, எவரும் காசின்றி வாசிக்க வைத்திருக்கிறது.

வரிப்பத்தான்சேனையில் அல்லது கல்முனையில் ஒரு பழைய விழா மலர் எங்கே இருக்கும்? யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில், கறையானுக்குப் பக்கத்தில். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய கரை நம்முடையது. காகிதத்தின் ஆயுளை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே நம் வாசிகசாலைகளுக்கு வேண்டுவன ஒரு ஸ்கேனரும் ஒரு கணினியும். அவற்றிலும் முக்கியம், பொறுமையுள்ள ஓர் ஆள். ஆசிரியர் பெயரும் ஆண்டும் குறிக்காமற் சேமித்த படம் தொலைந்த நூலுக்குச் சமம். கணினியும் ஒருநாள் பழுதாகும். பிரதி இரண்டு ஊர்களில் இருக்கட்டும்.

இரவல் போன புத்தகம் திரும்பாது என்று பெரியோர் அஞ்சுவது நியாயமே. அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே, அவர்கள் கண்முன்னே, நாம் பக்கம் பக்கமாகப் படமெடுப்போம். புத்தகம் அலுமாரிக்கே திரும்பும்.