வானப் பிரயாணமும் வாடிக்கையும்



கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஒவ்வோர் இரவும் பஸ்கள் பல புறப்படுகின்றன. கட்டணத்தில் பெரிய வேற்றுமை இல்லை. ஆசனங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவையே. ஆயினும் சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். "நாங்கள் எப்போதும் இன்ன பஸ்ஸில்தான் போவது" என்று ஒரு பெயரைச் சொல்வார்கள். காரணம் யாதென வினவினால், ஆசனத்தின் அழகைச் சொல்லமாட்டார்கள். ஒரு நாள் விடியற்காலையில் அந்தப் பஸ்ஸின் கொண்டக்டர் எங்கள் மூத்தம்மாவைக் கைபிடித்து ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார் என்பார்கள். மறந்துபோய் விட்டுவந்த பையை மறுநாள் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தார் என்பார்கள். இவ்வாறு உண்டாகும் உறவுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'வாடிக்கை' என்பதாகும்.

இதே வாடிக்கை வானத்தில் எவ்வாறு உண்டாகின்றது? ஒரு விமானக் கம்பெனி மற்றதைவிட உயர்ந்தது என்ற எண்ணத்தை நம் உள்ளத்தில் தோற்றுவிப்பது எது? இவை குறித்தே இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விழைகின்றேன்.

கடற்கரை ஊர் ஒன்றில் பாடசாலை நடத்தும் அதிபருக்கு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை உயர்ந்தது. அதன் பின்னர் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியது. பொத்துவில் தொடங்கி மருதமுனை வரையுள்ள எங்கள் கரையோர ஊர்களிலிருந்து அன்று முதல் ஆண்களும், பின்னர் பெண்களும் கடல் கடந்து சென்றுகொண்டே இருக்கின்றார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அரசாங்கத்தால் நிறுவப்பட்டதும் இதன் விளைவேயாகும். என் பாடசாலையில் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும், தந்தையோ தாயோ சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் இருக்கும் பிள்ளைகளைக் காணலாம். வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, குடும்பத்தோடு கட்டுநாயக்காவுக்குச் சென்று ஒருவரை அனுப்பி வைப்பது எங்களுக்குக் கலியாண வீட்டுக்குச் செல்வதுபோல் வழமையாகிவிட்டது. ஆதலால் விமானம் எங்கள் வீட்டு விஷயமே.

ஆதியில் நிலைமை வேறு. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. ஏயர் சிலோன் அன்று பிறந்தது. பிற்பாடு அதன் உள்நாட்டுச் சேவை மட்டக்களப்புக்கும், அம்பாறையிலுள்ள கல்லோயா விமானத்தளத்துக்கும் வந்தது. அக்காலத்தில் விமானத்தில் ஏறுவதே ஒரு பெருமை. பிரயாணச் சீட்டு வைத்திருந்தவர் எவரோ அவரே ஊரில் உயர்ந்தவர். எல்லோரும் பறக்கத் தொடங்கிய பின்னர்தான், 'எந்தக் கம்பெனி உயர்ந்தது' என்ற கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்கு ஆசியாவில் இருவர் நல்ல விடை கண்டார்கள். ஒருவர் இந்தியாவின் ஜே. ஆர். டி. டாட்டா. 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டிவந்தவர் அவர். ஏயர் இந்தியாவின் தலைவராக இருந்த காலத்தில் பிரயாணியாக ஏறி அமர்ந்தும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தேநீரின் நிறம், திரைச்சீலையின் அழுக்கு போன்ற சிறு குறைகளைக்கூடக் குறித்து அதிகாரிகளுக்கு அனுப்புவார். மற்றொன்று சிங்கப்பூர் விமானக் கம்பெனி. 1972இல் அது தனித்து இயங்கத் தொடங்கியபோது அதற்கு உள்நாட்டுப் பிரயாணி என்று ஒருவர்கூட இல்லை. அந்தச் சின்னஞ்சிறு தீவுக்குள் எங்கே பறப்பது? அந்நியரின் வாடிக்கையை நம்பியே பிழைக்கவேண்டியிருந்தது. ஆகவே, காதிலே வைத்துப் பாட்டுக் கேட்கும் கருவிக்குப் பிறர் காசு கேட்ட காலத்தில், அது சாதாரண வகுப்பினருக்கும் அதனை இலவசமாகக் கொடுத்தது. உணவிலும் விருப்பம்போல் ஒன்றைத் தெரிவு செய்யும் வசதியை வழங்கியது. 1979 செப்டெம்பரில் நமது ஏயர் லங்கா தன் சேவையைத் தொடங்கியபோது, சிங்கப்பூர்க் கம்பெனியிடமே போயிங் 707 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தது. அந்த ஏயர் லங்காவே பின்னர் ஶ்ரீலங்கன் ஏயர்லைன்ஸ் என்று பெயர் மாறியது.

இவ்விரு எடுத்துக்காட்டுகளிலும் வாடிக்கை கவனத்தினாலே சம்பாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் வேறொரு வழி தோன்றியது. அங்கே 1978இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, போட்டி கடுமையாயிற்று. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏயர்லைன்ஸ் ஒரு திட்டத்தை வெளியிட்டது. பறக்கும் தூரம் மைல் கணக்கில் உங்கள் பெயரில் பதியப்படும். போதிய மைல்கள் சேர்ந்தால் இலவசமாகப் பறக்கலாம். தனக்கு வாடிக்கையானவர் யார் யார் என்பதை அக்கம்பெனி எவ்வாறு கண்டுபிடித்தது தெரியுமா? பதிவுப் பொறியிலே திரும்பத் திரும்ப வந்த தொலைபேசி இலக்கங்களைத் தேடி எடுத்தது. எங்கள் பஸ் கொண்டக்டர் முகத்தை நினைவில் வைத்திருப்பார். அங்கே பொறி இலக்கத்தை நினைவில் வைத்திருந்தது.

அத்திட்டத்தை உலகெங்குமுள்ள கம்பெனிகள் பின்பற்றின. வெள்ளி, தங்கம் என்று அங்கத்தவர்களுக்குப் படிகள் அமைந்தன. தனி வரிசையும் தனி ஓய்வறையும் வந்தன. 2020இல் கொள்ளை நோயினால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைட்டட் ஏயர்லைன்ஸ் தனது இந்தப் புள்ளித் திட்டத்தையே ஈடு வைத்து 6.8 பில்லியன் டொலர் கடன் பெற்றது. விமானத்தை ஈடு வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கின்றோம். வாடிக்கையையே ஈடு வைக்கும் காலம் இது.

இத்திட்டங்களைத் தீயவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இவை யாருக்காக அமைக்கப்பட்டவை என்பதைச் சிந்தித்தல் வேண்டும். மாதத்துக்கு நான்கு முறை பறக்கும் உத்தியோகத்தருக்குக் கட்டணத்தைக் கட்டுவது அவருடைய கந்தோர். புள்ளியைச் சேர்ப்பது அவர். 2015ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக, பறந்த தூரத்தை விடுத்துச் செலவழித்த பணத்தைக் கொண்டு புள்ளி வழங்கத் தொடங்கின. இனி நம் ஊர்ப் பணிப்பெண்ணின் கணக்கைப் பாருங்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் செல்பவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையே பறப்பார். அவருக்கு வாய்ப்பது ஆகக் குறைந்த கட்டணச் சீட்டு. அவ்வகைச் சீட்டுக்குப் பல கம்பெனிகளில் புள்ளி சொற்பம், சிலவற்றில் இல்லவேயில்லை. சிங்கப்பூர்த் திட்டம் போன்றவற்றில் மூன்று வருடத்தில் புள்ளிகள் காலாவதியாகிவிடுகின்றன. அவர் ஒரு பரிசுக்குப் போதிய புள்ளி சேர்ப்பதற்குள் முதலில் சேர்த்தவை அழிந்துவிடும்.

அவ்வாறாயின் அவருக்கு வாடிக்கை என்று ஒன்று இல்லையா? இருக்கின்றது. அதை நான் நேரிலே அறிந்தேன்.

என் பாடசாலையில் பதினோராம் ஆண்டில் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார், மகளின் சாதாரண தரப் பரீட்சைக்காக விடுமுறையில் வந்திருந்தார். மகளின் படிப்பைப் பற்றிப் பேச என் காரியாலயத்துக்கு வந்தவரிடம் பிரயாணம் எப்படியிருந்தது என்று கேட்டேன். அவர் தமது முதற் பிரயாணத்திலிருந்து கதையைத் தொடங்கினார். அன்று அவர் சென்றது ஒரு கம்பெனியின் விமானத்தில். அதன் பெயர் இங்கே வேண்டாம். விமானத்தின் வாசலில் அவரையும் அவர் போன்ற பெண்களையும் வார்த்தையின்றிக் கைச்சைகையாலேயே ஓரமாக ஒதுங்கச் சொன்னார்களாம். உணவுப் பொட்டலத்தை எவ்வாறு திறப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கம், கேட்டாலும் பாஷை இல்லை. ஐந்து மணி நேரம் பட்டினியாகவே போய் இறங்கினார்.

இரண்டாம் முறை வேறொரு கம்பெனி. அங்கே பணியாற்றியவள் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. இவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு விழிப்பதைக் கண்டு, ஆசனத்தின் அருகே குனிந்து அமர்ந்து, தட்டுத்தடுமாறிய தமிழிலே, "அக்கா, இது இப்படித் திறக்கிறது" என்று திறந்து காட்டினாள். இறங்குவதற்கு முன் வந்து படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தாள்.

"அண்டையிலிருந்து அந்தக் கம்பெனியிலதான் சேர் போறன். டிக்கெட் கொஞ்சம் கூடத்தான். ஏஜென்சிக்காரரிட்டச் சொல்லி, கூடுற காச நானே கட்டுவன்."

"அங்கத்துவ அட்டை இருக்கின்றதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அப்படியும் ஒண்டு இரிக்கா சேர்?"

நேயர்களே, ஸ்கண்டிநேவிய விமானக் கம்பெனியை 1981இல் பொறுப்பேற்று, நட்டத்திலிருந்து மீட்டெடுத்தவர் ஜான் கார்ல்சன் என்பவர். அவர் ஒரு கணக்குப் போட்டார். ஆண்டில் ஒரு கோடிப் பிரயாணிகள். ஒவ்வொருவரும் சந்திக்கும் சிப்பந்திகள் ஏறக்குறைய ஐவர். ஒவ்வொரு சந்திப்பும் சராசரி பதினைந்து விநாடி. அந்த ஐந்து கோடிச் சந்திப்புகளே கம்பெனியின் உயர்வையும் தாழ்வையும் தீர்மானிக்கின்றன என்றார். அந்தத் தாயாருக்குக் கிடைத்ததும் அத்தகைய ஒரு சில விநாடிகளே.

பாதுகாப்பும் நேரந்தவறாமையும் எந்தக் கம்பெனிக்கும் அடிப்படை. அவற்றிலே சமரசம் கிடையாது. அகன்ற ஆசனமும் பட்டுப் போர்வையும் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும்; அதுவும் நியாயமே. ஆனால் மரியாதைக்கு வகுப்பு இல்லை; அதற்குச் செலவும் இல்லை. முன்வரிசையில் இருப்பவருக்குக் காட்டும் பணிவு அவர் செலுத்திய கட்டணத்துக்காகவும் இருக்கலாம். கடைசி வரிசையில் இருப்பவருக்குக் காட்டும் பணிவிலேதான் கம்பெனியின் தரம் ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுகின்றது.

ஆதலால் விமானக் கம்பெனிகளிடம் நாம் கேட்கவேண்டியவை இரண்டு. அறிவிப்புகளும் படிவங்களும் பிரயாணியின் தாய்மொழியிலும் இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பறப்பவரின் புள்ளிகள், அவர் அவற்றைப் பயன்படுத்தும்வரை அழியாதிருக்கட்டும். நாம் செய்யவேண்டியவையும் உண்டு. அங்கத்துவம் பெரும்பாலும் இலவசமே. சீட்டு எடுக்கும்போதே இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். சீட்டின் வகைக்குப் புள்ளி உண்டா என்று ஏஜென்சியில் கேளுங்கள். குறை கண்டால் எழுதுங்கள். நிறை கண்டாலும் மறவாது எழுதுங்கள். நல்ல சிப்பந்தி ஒருவருக்கு அக்கடிதம் பேருதவியாகும்.

பரீட்சை முடிந்தபின் அந்தத் தாயார் மறுபடி புறப்பட்டார். மகள் கணினியிலே அவருக்கு அங்கத்துவம் பதிந்து, இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். விடைபெற வந்தபோது அவர் அதைக் கடவுச்சீட்டுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்ததைக் காட்டினார். ஆனால் என்னிடம் அவர் கேட்டது புள்ளியைப் பற்றியல்ல.

"இண்டைக்கும் அந்தப் பிள்ளை பிளேனுக்குள்ள இரிப்பாளோ சேர்?" என்றார்.